ஆதிபூமி நரகமா? மணலின் சாட்சி

"யார் கண்டார்?" என்னும் ஒரு கேள்வி நம்மவரிடையே நெடுநாளாக உலவி வருகின்றது. பூமியின் இளமைக் காலத்தைப் பற்றி ஒருவன் நான்கு நூல்களைப் படித்து வந்து நான்கு வார்த்தை சொல்லத் தொடங்கினால் போதும். திண்ணையில் இருப்பவர், மேடையில் இருப்பவர், சில வேளைகளிற் பள்ளிக்கூடத்து நாற்காலியில் இருப்பவருங்கூட இக்கேள்வியைக் கல்லைப்போல் எடுத்து அவன்மேல் எறிந்துவிட்டு, வாதத்தில் வென்றுவிட்டதாக எண்ணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கிவிடுகின்றனர். நானூறு கோடி ஆண்டுக்கு முன் இப்பூமியின் மேலோடு எவ்வாறிருந்தது, கடல் இருந்ததா, கரை இருந்ததா என்பதையெல்லாம் அருகிருந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை. ஆகவே விஞ்ஞானி சொல்வதும் கதை, புராணிகர் சொல்வதும் கதை, கேட்பவன் தனக்கு இனிக்கும் கதையை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இக்கேள்வியின் உட்கிடை. அவ்வுட்கிடையை மறுக்கவே இதனை எழுதுகின்றோம்.

இதனைச் சிறு விஷயமென்று விடுவதற்கில்லை. ஒருவரும் பாராத வேளையில் ஒரு வீட்டிற் கன்னமிடப்பட்டால், "யார் கண்டார்?" என்று கேட்டு நீதிமன்றம் கள்வனை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. சுவரிற் பதிந்த விரலும் சேற்றிற் பதிந்த காலும் அங்கே பேசுகின்றன. வாயுள்ள சாட்சி மறப்பான், மயங்குவான், சில வேளை விலைக்கும் போவான். நம் பிள்ளை, "கண்ணாற் காணாதது எதுவும் அறியப்படாதது" என்னும் பாடத்தை இளமையிலேயே ஏற்றுக்கொள்வானாகில், பின்னாளில் காய்ச்சலுக்குக் காரணம் கிருமி என்பவரும் செய்வினை என்பவரும் அவனுக்கு ஒரு தட்டில் நிற்பவராகவே தோன்றுவர். நம் கவலை அதுவே.

எதிர்க்கட்சியாரிடம் ஓர் உண்மை இருப்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு என்பதை 1956-ஆம் ஆண்டில் கிளேர் பாட்டர்சன் என்பார் விண்கற்களிலுள்ள காரீயத்தை அளந்து நிலைநாட்டினார். ஆனால் வயது ஐயமற நிறுவப்பட்ட பாறைகளுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படுவது கனடாவின் வடமேற்கில் அக்காஸ்டா ஆற்றையொட்டிய பாறை. அதன் வயதோ 400 கோடிக்குச் சிறிதே மேற்பட்டது. கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் விரிகுடாக் கரையோரத்துப் பாறை 428 கோடி ஆண்டினது என்று 2008-இல் அறிவித்தாருமுளர். அவ்வழக்கு பல்லாண்டு நீண்டது. எப்படியாயினும், முதல் 50 கோடி ஆண்டின் ஏடுகள் பூமி என்னும் புத்தகத்திற் பெரும்பாலும் கிழிந்து போயின என்பது மெய். கிழித்ததும் பூமியே. மேலோடு உள்ளே அமிழ்ந்து உருகியது. மழையும் காற்றும் மலைகளைத் தேய்த்தன. விண்கற்கள் வேறு வந்து மோதின.

இந்த வெற்றிடத்துக்கு 1972-இல் அமெரிக்க நிலநூலறிஞர் பிரெஸ்டன் கிளவுட் ஒரு பெயர் சூட்டினார். கிரேக்கர் கதையில் பாதாளத்துக்கும் அதன் அதிபதிக்கும் வழங்கும் ஹேடீஸ் என்னும் சொல்லிலிருந்து 'ஹேடியன்' என்பதை ஆக்கினார். நரக காலம் என்று நாம் சொல்லலாம். பாறை கிடைக்காத காலத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, வைத்தார், அதிற் குற்றமில்லை. குற்றம் பின்வந்தோருடையது. அவர்கள் பெயரையே சான்றாக்கிக் கொண்டனர். ஓவியர்கள் சிவப்பு மையைக் குடங்குடமாய்க் கொட்டினர். எங்கும் எரிகுழம்பு, எங்கும் புகை, நீரில்லை, நிலமில்லை என்னும் படம் பாடப்புத்தகங்களில் ஏறி அமர்ந்தது. பெயரைக் கண்டு பொருளை முடிவு செய்வது, அங்கியணிந்த விஞ்ஞானி செய்தாலும், மூட வழக்கமே.

சரி, கிழிந்த ஏடுகளின் துணுக்குகள் எங்கே போயின? இவ்விடத்திலேதான் படிவுப் பாறை தன் சாட்சியத்தோடு வந்து நிற்கின்றது. மலை தேய்ந்தால் இல்லாமற் போய்விடுவதில்லை. அது மணலாகியும் களியாகியும் ஆற்றோடு சென்று தாழ்ந்த இடத்திற் படிகின்றது. மேன்மேலும் படிந்த சுமையால் இறுகி மீண்டும் கல்லாகின்றது. எனவே ஒவ்வொரு மணற்கல்லிலும் அதனினும் பழைய மலைகளின் எச்சம் கலந்திருக்கும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிற் சிக்கார் முனை என்னுமிடத்தில், செங்குத்தாக நிமிர்ந்து தலை தேய்ந்த ஒரு பழம்படிவின்மேல் வேறொரு செந்நிறப் படிவு சாய்ந்து கிடப்பதை 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் கண்டு காட்டினார். கடலடியிற் படிந்தது மலையாய் எழுந்து, அம்மலை தேய்ந்து, அதன்மேல் மற்றொன்று படிய எத்தனை காலம் வேண்டும்! உலகம் பிறந்தது கிறிஸ்துவுக்கு முன் 4004-ஆம் ஆண்டில் என்று 1650-இல் ஆயர் அஷர் கணக்கிட்டுச் சொன்னதை நம்பியிருந்த ஐரோப்பாவை அந்தக் கற்கள் அதிரவைத்தன.

பேராக்கில் ஈயம் கழுவியதைப் பார்த்த பெரியவர்கள் நம் வாசகர்களிடையே இன்னும் இருப்பர். கிந்தா வெளியின் ஓடைகளில், பெரும்பாலும் சீனப் பெண்கள், டூலாங் என்னும் அகன்ற மரத்தட்டில் மணலையும் நீரையும் அள்ளிச் சுழற்றுவர். இலேசான மணல் நீரோடு வழிந்தோடும். கனத்த ஈயமணல் தட்டின் அடியில் தங்கும். ஈயத்தோடு வேறு சில கனமணல்களும் தங்கும்; அவற்றை 'அமாங்' என்று ஒதுக்கி வைத்தனர். அந்த அமாங்கில் இருந்த பண்டங்களுள் ஒன்று சிர்க்கான் என்னும் சிறு மணி. அதற்குப் பெரிய மதிப்பு முதலில் இருக்கவில்லை. ஆனால் நிலநூலார் பூமியின் இளமையைத் தேடி ஆய்வுக்கூடத்திற் கல்லைப் பொடித்துக் கழுவும்போது, ஏறக்குறைய அந்தப் பெண்கள் செய்த வேலையையே செய்து, அந்த மணியையே பொறுக்குகின்றனர். கன்னத்தில் வெயிலும் காலில் சேறுமாக நின்று அவர்கள் அறிந்திருந்த முறை இது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்காக அவர்களுக்குப் பட்டம் கொடுத்ததில்லை.

சிர்க்கானில் அப்படி என்ன விசேடம்? அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. ஆனால் மிகக் கடினமானது; நீரிற் கரையாது; ஆறு உருட்டினாலும் எளிதிற் பொடியாகாது; தாய்ப்பாறை முற்றும் அழிந்த பின்னும் தான் அழியாது நிற்கும். எரிகுழம்பு ஆறும்போது பிறக்கும் அம்மணி, தன் உடலில் யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், காரீயத்தை ஏற்காது. யுரேனியமோ காலப்போக்கில் காரீயமாக மாறும் இயல்புடையது. ஆகவே இன்று அம்மணிக்குள் காணப்படும் காரீயம் ஏறக்குறைய முழுதும் அங்கேயே பிறந்தது. எவ்வளவு யுரேனியம் மாறியிருக்கிறது என்று அளந்தால் மணியின் வயது வெளிப்படும். யுரேனியத்தில் இருவகை உண்டு: ஒன்று பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், மற்றொன்றுக்கு 70 கோடி ஆண்டு போதும். இரண்டும் இருவேறு காரீயமாக முடிகின்றன. ஆக, ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன. இடையில் காரீயம் கசிந்து போயிருந்தால் இரண்டும் வேறுவேறு வயதைச் சொல்லி அகப்பட்டுக் கொள்ளும். இரண்டும் ஒன்றையே சொன்னால் மட்டும் சாட்சி ஏற்கப்படும். "யார் கண்டார்?" என்போரைக் கேட்கின்றோம்: உங்கள் ஊர் வழக்குகளில் எத்தனை சாட்சிகள் இவ்வளவு கடுமையான குறுக்கு விசாரணைக்கு ஈடு கொடுத்திருக்கின்றனர்?

மேற்கு ஆஸ்திரேலியாவிற் பெர்த் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், செம்மண்ணும் முட்செடியுமான வறண்ட பூமியில், ஜாக் குன்றுகள் என்னும் தாழ்ந்த குன்றுத்தொடர் உண்டு. அங்கே கூழாங்கற்களும் மணலும் சேர்ந்து இறுகிய ஒரு பாறை கிடக்கின்றது. அப்பாறை படிந்தது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுக்கு முன். அதற்கு அண்மையிலுள்ள நாரையர் மலையின் மணற்பாறையில் 410 கோடிக்கும் 420 கோடிக்கும் இடைப்பட்ட வயதுடைய நான்கு சிர்க்கான் மணிகளை 1983-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ப்ஸ்டன் கூட்டத்தார் அமைத்த ஒரு கருவி இதற்கு உதவியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'இறால்' என்று பொருள்படும். அந்த இறாலோ ஓர் அறையையே அடைத்து நிற்கும் பெரிய இயந்திரம். மணியை உடைக்காமல், அதன்மேல் மின்னேற்றிய அணுக்களின் ஊசிக்கற்றையைப் பாய்ச்சி, கண்ணுக்குத் தெரியாத சிறு குழியளவே சுரண்டி அளக்கும் திறன் அதற்கு உண்டு. 1986-இல் காம்ப்ஸ்டனும் பிட்ஜனும் ஜாக் குன்றுகளிலேயே இன்னும் பழைய மணிகளைக் கண்டனர். 2001-இல் வைல்டு, வேலி முதலியோர் ஒரு மணியின் ஒரு பகுதிக்கு 440 கோடி ஆண்டு என்று வயது கண்டு வெளியிட்டனர். பூமி பிறந்து 15 கோடி ஆண்டளவே ஆன காலம் அது!

அந்நாட்களில் ஐயம் எழுப்பியோர் சும்மா இருக்கவில்லை, இருக்கவும் கூடாது. மணிக்குள் காரீயம் ஓரிடத்திலிருந்து நகர்ந்து மற்றோரிடத்திற் குவிந்திருந்தால், குவிந்த இடத்தை அளப்பவன் மெய்யினும் பெரிய வயதைக் காண்பானே என்று கேட்டனர். நல்ல கேள்வி. அதற்கு விடையாக 2014-இல் ஜான் வேலியும் உடன் உழைத்தோரும் அம்மணியின் ஒரு துகளை எடுத்து, அதிலுள்ள அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணும் கருவியில் வைத்தனர். காரீயம் மிக நுண்ணிய தூரமே நகர்ந்திருந்தது. வயதைப் பொய்யாக்குமளவு நகரவில்லை. மணியின் உள்ளகத்துக்கு அவர்கள் கொண்ட வயது 437 கோடி.

வயது மட்டுமன்று, அம்மணிகள் நீரைப் பற்றியும் பேசின. பிராணவாயுவின் அணுக்களில் இலேசானதும் உண்டு, கனத்ததும் உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து நேரே வரும் குழம்பில் அவ்விரண்டும் ஒரு குறித்த விகிதத்தில் இருக்கும். பாறை, தரையின் அருகே குளிர்ந்த நீரிற் கிடந்து களியாக மாறினால், கனத்த பிராணவாயு அதில் மிகும். அக்களி புதையுண்டு உருகி, அவ்வுருக்கிலிருந்து சிர்க்கான் பிறந்தால், மணியிலும் அம்மிகுதி தெரியும். ஜாக் குன்றுகளின் பழைய மணிகள் சிலவற்றில் அம்மிகுதி இருந்தது என்பதை 2001-இல் இரு கூட்டத்தார் தனித்தனியே வெளியிட்டனர். ஏறத்தாழ 430 கோடி ஆண்டுக்கு முன்பே திரவ நீர் இருந்தது என்பதே அதன் பொருள். 2024-இல் பெர்த் நகரத்துக் கர்டின் பல்கலைக்கழகத்தார் இன்னுமொன்று சொன்னார்கள். 400 கோடி ஆண்டுப் பிராயத்து மணிகள் சிலவற்றில் மிக இலேசான பிராணவாயு காணப்பட்டது. கடல்நீரால் அது வாராது. மழைநீர் பாறையிற் புகுந்தாலன்றி வாராது. மழைநீர் பாறையிற் புகக் கடலுக்கு மேலே தலைநீட்டிய நிலம் வேண்டும். நரகத்தில் மழை பெய்கிறதா? செந்நிற ஓவியங்களை வைத்திருப்போர் இனி விடை சொல்லட்டும்.

இங்கே வேறொரு திசையிலிருந்து கைதட்டல் கேட்கின்றது. "பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று நம் முன்னோர் சொல்லவில்லையா? இன்று வெள்ளைக்காரன் 455 கோடி என்கிறான். ஏறக்குறைய ஒன்றுதானே!" என்று மார்தட்டுவோர் நம் நாட்டிலும் குறைவில்லை. ஐரோப்பியர் ஆறாயிரம் ஆண்டு என்று விரல் மடக்கிய காலத்தில் கோடிக்கணக்கில் எண்ணத் துணிந்தது பெரிய மனம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எண்ணத் துணிவது வேறு, அளப்பது வேறு. இவர்கள் தம் கணக்கையே முழுதும் பார்ப்பதில்லை. பஞ்சாங்கக்காரரைக் கேளுங்கள். இப்போது நடப்பது சுவேத வராக கற்பம். அதில் ஏழாம் மன்வந்தரம். அதில் இருபத்தெட்டாம் சதுர்யுகம் என்பார். அக்கணக்கின்படி பகல் இன்னும் பாதிகூடக் கழியவில்லை. இக்கற்பம் தொடங்கி ஏறத்தாழ 197 கோடி ஆண்டே ஆகியிருக்கிறது. ஜாக் குன்றின் மணியோ அதனைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வயதினது. 432 என்னும் எண்ணை மாத்திரம் பிய்த்தெடுத்து வந்து பொருத்துவது, அயலான் நிலத்தின் எல்லைக்கல்லைப் பிடுங்கி வந்து நம் வேலியில் நடுவது போன்றது. பொருத்தம் என்று சொல்லுகிற இடத்திலும் 20 கோடிக்கு மேற்பட்ட வித்தியாசம் இருக்கிறதே. அது ஊர்வன காலம் முதல் இன்றுவரை ஓடிய காலமாயிற்றே! அதைக் கைப்பிழை என்று தள்ளுவது எந்தக் கணிதம்?

அதுபோகட்டும். விஞ்ஞானம் பேசுவோர் பக்கமும் நாம் திரும்பவேண்டும். அவர்களுட் சிலர் ஒரு மிகையை விட்டு எதிர் மிகைக்குத் தாவினர். நேற்றுவரை நரகமாயிருந்த ஆதிபூமி இவர்கள் கையில் ஒரே நாளிற் பெருங்கண்டங்களும் நீலக்கடலும் உடைய சோலையாகிவிட்டது. சிர்க்கானின் சாட்சிக்கு ஓர் ஊனம் உண்டு என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டனர். அம்மணி மணற்சத்து மிகுந்த, வெளிறிய, கிரானைட் இனத்துக் குழம்பிலேதான் தாராளமாகப் பிறக்கும். கடலடியிலும் எரிமலைத் தீவுகளிலும் வழியும் கரிய பசால்ட் குழம்பில் அது மிக அரிது. ஆகவே ஆதிபூமியின் மேலோடு நூற்றில் தொண்ணூறு கரிய பாறையாகவே இருந்திருந்தாலும், நம் தட்டிற் சேருவது எஞ்சிய பத்தின் பிள்ளைகளே. ஊரில் எழுதத் தெரிந்தவர் கடிதங்களை மாத்திரம் படித்துவிட்டு, ஊரார் எல்லாரும் எழுத்தறிந்தவர் என்று முடிவு கட்டலாமா? அதன்றியும், ஜாக் குன்றுகளில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட மணிகளை அளந்தும், அவற்றுள் 400 கோடி ஆண்டைக் கடந்தவை நூற்றுக்குச் சிலவே.

தாவினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சம்பவம். 2007-இல் அம்மணிகளுக்குள் நுண்ணிய வைரங்கள் உள்ளன என்று பெரிய இதழொன்றிற் செய்தி வந்தது. ஆதிபூமியில் தடித்த கண்டங்கள் இருந்தன என்பதற்கு இதுவே அறிகுறி என்று பலர் மகிழ்ந்தனர். 2014-இல் வேறொரு கூட்டத்தார் அதே மணிகளை நுணுகி நோக்கி, அவ்வைரங்கள் மணியை மெருகேற்ற உபயோகித்த வைரப்பொடியின் துகள்களே என்று காட்டினர். "பார்த்தீர்களா, விஞ்ஞானம் தவறுகிறது" என்று புராணிகர் இதற்கும் கைதட்டுவர். தவற்றைக் கண்டுபிடித்தவர் யார்? தாமா? இன்னொரு விஞ்ஞானி, அதே கல்லை எடுத்து, ஏழாண்டு கழித்து. தம் நூலில் இதுவரை எந்த வரியை இவ்வாறு அடித்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று அவர்கள் காட்டட்டும்.

மணல் ஒருபக்கச் சாட்சியானால், நடுநிலைச் சாட்சி எது? களிமண். ஆறு மலையின் எல்லாப் பாறைகளையும் பேதமின்றி அரைத்துக் கலந்து கொண்டுவரும். அக்கலவையின் மிக நுண்ணிய பகுதி களியாய்ப் படிந்து களிப்பாறையாகும். பனியாறுகள் அரைத்து விட்ட களியை அளந்தே பூமியின் மேலோட்டின் சராசரியை அறியலாம் என்று 1933-இல் நார்வேயின் கோல்ட்ஷ்மிட் காட்டியிருந்தார். ஆஸ்திரேலியாவில் டெய்லரும் மக்லென்னனும் இவ்வழியைப் பின்பற்றி, பழங்காலக் களிப்பாறைகளில் அருமண் உலோகங்களின் அளவைப் பார்த்து, 250 கோடி ஆண்டுக்கு அணித்தான காலத்தில் மேலோட்டின் தன்மை பெரிதும் மாறியது என்று 1985-இல் நூலொன்று வெளியிட்டனர். அந்நூல் இன்றும் மதிக்கப்படுவது. ஆயினும் மிகப் பழைய களிப்பாறைகள் பெரும்பாலும் எரிமலைப் பட்டைகளை அடுத்தே கிடைப்பவை. அங்கே கரிய பாறையின் குரல் ஓங்கி ஒலிப்பது இயல்பு என்ற ஆட்சேபம் நியாயமானது.

இந்த வழக்கு நம் காலத்தில் சூடு பிடித்தது. 2016-இல் மிங் டாங், ரோபர்ட்டா ரட்னிக் முதலியோர், பழம்படிவுகளில் நிக்கலுக்கும் கோபால்ட்டுக்கும், குரோமியத்துக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள விகிதங்களை அளந்து, 300 கோடி ஆண்டுக்கு முன் நிலத்தின் மேற்பரப்பு பெரும்பாலும் கரிய பாறையே. 250 கோடி ஆண்டளவில்தான் அது இன்றைய வெளிறிய தன்மையை அடைந்தது என்றனர். மறு ஆண்டே நிக்கோலாஸ் கிரேபர், டோஃபாஸ் முதலியோர் அதே வகைக் களிப்பாறைகளில் டைட்டானியத்தை அளந்து, 350 கோடி ஆண்டுக்கு முன்பே வெளிறிய பாறை மிகுந்திருந்தது என்றனர். ஒரே களி; இரு தீர்ப்பு! இதனைக் கண்டு ஏளனம் செய்வோர் ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதைக் கேட்பதில்லை. அக்காலத்தில் கோமாட்டியைட் என்னும் மிகு வெப்பமுடைய எரிமலைக் கல் இருந்தது; அதில் நிக்கலும் குரோமியமும் மிக அதிகம். அது சிறிதளவு களியிற் கலந்தாலும், குழம்பில் ஒரு கை மிளகாய் விழுந்தாற்போல், நிக்கல் கணக்கைத் தூக்கிவிடும். டைட்டானியமோ நீரில் எளிதிற் கரைந்து ஓடாது. குழம்பு எவ்வளவு தூரம் வெளிறியது என்பதன் அடையாளத்தைத் தன் கனத்த அணுக்களின் மிகுதியில் வைத்துக்கொள்ளும். இக்காரணத்தால் டைட்டானியத்தின் சாட்சியே வலியது என்று நாம் கருதுகின்றோம். 2020-இல் டோஃபாஸ் கூட்டத்தாரே பல மூலகங்களையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டு அதனை வலியுறுத்தினர்.

ஆனால் அவர்களோடு முற்றும் உடன்பட நாம் ஆயத்தமாயில்லை. வெளிறிய பாறை இருந்தது. ஆகவே இன்றுள்ளதுபோல் நிலத்தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்று அமிழும் இயக்கமும் அப்போதே இருந்தது என்று அவர்கள் மேலும் ஓரடி வைத்தனர். அந்த அடிக்குக் களி ஆதாரம் தரவில்லை. இதற்கு மறுப்பு இந்தியாவிலேயே கிடக்கின்றது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பரவிய சிங்பூம் பழநிலத்தில், கடற்கரையிலும் ஆற்றிலும் படிந்த மிகப் பழைய மணற்கற்கள் உள்ளன. அவற்றையும் அவற்றின் அடியிலுள்ள கிரானைட்டையும் ஆராய்ந்து மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரியதர்ஷி சௌதுரி முதலியோர் 2021-இல் எழுதிய கட்டுரை, அந்நிலம் 330 கோடி முதல் 320 கோடி ஆண்டுக்கு முன் கடலுக்கு மேலெழுந்தது என்றும், தட்டுகள் மோதாமலே, அடியிலிருந்து மேன்மேலும் ஏறிய குழம்பால் ஓடு தடித்து, மரக்கட்டை நீரில் மிதந்தெழுவது போல் எழுந்தது என்றும் காட்டுகின்றது. வெளிறிய பாறை பிறக்க வேறு வழியும் உண்டு என்றபின், பாறையைக் காட்டித் தட்டியக்கத்தை நிரூபிப்பது எவ்வாறு?

நிலம் இருந்தது என்பதும், நிலம் நீருக்கு மேல் இருந்தது என்பதும் ஒன்றல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில், தேய்ந்த பழநிலத்தின்மேல் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுக்கு முன்பே படிவு படிந்திருப்பதை 1995-இல் ரோஜர் பியூக் முதலியோர் காட்டினர். தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் மலைகளில் 320 கோடி ஆண்டு கடந்த மணற்கற்களிற் கடல் ஏறியிறங்கிய வரிகள் இன்றும் தெளிவாயிருக்கின்றன. அன்றும் சந்திரன் கடலை இழுத்தது. அன்றும் அலை கரையில் கோலமிட்டது. அக்கோலத்தைப் பார்க்க ஒரு நண்டுகூட இல்லை. ஆனால் இவை ஆங்காங்குத் தலைநீட்டிய தீவுகள் போன்ற நிலங்கள். உலகம் முழுவதிலுமுள்ள களிப்பாறைகளின் பிராணவாயுவை அளந்து, பெருநிலங்கள் விரிந்து இன்றைய மழை முறை தொடங்கியது 250 கோடி ஆண்டளவில் என்று 2018-இல் ஓரெகன் பல்கலைக்கழகத்துப் பிண்டெமன் முதலியோர் முடிவு கண்டனர். ஆகவே நரகக் கட்சியும் சோலைக் கட்சியும் தத்தம் கொடியைச் சற்று இறக்கிக்கொள்வது நலம். நீர் முன்னே வந்தது. வெளிறிய ஓடு துண்டு துண்டாகப் பின் தொடர்ந்தது. அகன்ற கண்டங்கள் கடலுக்கு மேல் நின்றது அதற்கும் நெடுங்காலம் பிந்தி. கற்களை ஒருங்கே வைத்துப் பார்க்கையில் நமக்குத் தோன்றும் வரிசை இதுவே.

"எல்லாம் ஒரே குன்றின் மணலைக் கொண்டுதானே பேசுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்பாரானால், அவரோடு நாம் மகிழ்ந்து வாதிடுவோம், அது "யார் கண்டார்?" என்பது போன்ற வாயடைப்பு அன்று, நேர்மையான கேள்வி. நெடுநாள் அதற்குப் போதிய விடை இல்லாமலிருந்தது. 2022-இல் நாட்ஜா டிரபான் முதலியோர் பார்பர்ட்டன் மலைகளின் பச்சை மணற்கல் ஒன்றிலிருந்து எடுத்த 33 சிர்க்கான் மணிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் மூத்ததன் வயது 415 கோடி. 380 கோடி ஆண்டுக்கு முற்பட்ட மணிகள், மிகப் பழைய ஓர் ஓடே அசையாது கிடந்து திரும்பத் திரும்ப உருகியதன் அடையாளத்தைத் தாங்கியிருந்தன. அதற்குப் பிற்பட்டவற்றில் ஆழத்திலிருந்து வந்த புதுக்குழம்பும் நீரும் கலந்த அடையாளம் தோன்றியது. அப்பழைய ஓடு அவ்வளவு காலம் எவ்வாறு நிலைத்தது, 380 கோடியில் அதனைக் குலைத்தது எது என்பதே இப்போது விசாரணைக்கு வந்திருக்கும் வழக்கு. மணற்கல்லைப் பொடித்துக் கழுவும் வேலை நடந்துகொண்டிருக்கின்றது.